புரி தளர்ந்த துப்பாக்கி

வேட்டை நூல்களை வீரக்கதைகளாகவே வாசித்துப் பழகிவிட்டோம். மத்திய இந்தியக் காடுகளில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் ஃபோர்சைத் 1863இல் வெளியிட்ட நூல் அவ்வகையன்று. வேட்டைத் துப்பாக்கியையும் அதன் குண்டுகளையும் ஆராய்வது.

அன்றைய துப்பாக்கியில் வெடிமருந்தையும் உருண்டை ஈயக்குண்டையும் குழல்வாய் வழியே கெட்டிக்க வேண்டும். குழலின் உட்புறப் புரிகள் குண்டைச் சுழற்றி நேரே செலுத்தும். புரி நெருங்கியிருந்து மருந்தும் மிகுந்தால், மெல்லிய ஈயம் புரியில் நில்லாமல் வழுக்கும், குறி தவறும். ஆகவே மருந்தைக் குறைத்தார்கள். வேகம் குன்றிய குண்டு வளைந்து தாழ்ந்தது. தொலைவைச் சற்றுக் குறைத்து மதித்தாலும், முன்காலுக்குப் பின்னே நெஞ்சில் பாயவேண்டியது காலை முறிக்கும். அடிபட்ட கடமான் புதருக்குள் மறையும். அந்தச் சாவு எந்த வேட்டைக்காரரின் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஃபோர்சைத் புரியைத் தளர்த்தச் சொன்னார்: 14 போர் குழலில் 104 அங்குலத்துக்கு ஒரே சுற்று. (ஒரு ராத்தல் ஈயத்தில் அத்தகைய குண்டுகள் 14 வார்க்கலாம், போர் என்னும் அளவு அதுதான்.) இனி மருந்தைத் தாராளமாக இடலாம். உருண்டைக் குண்டு விரைவில் வேகமிழக்கும் என்பது மெய்யே. ஆனால் அடர்காட்டில் மான் தென்படுவதே அருகில்தான். அத்தொலைவுக்குள் குண்டு ஏறக்குறைய நேர்க்கோட்டில் சென்றது. அகன்ற குண்டு, அகன்ற காயம்.

இதைக் கருணை என்று கொண்டாட எனக்கு மனமில்லை. கொல்லும் கலையைத்தான் அவர் திருத்தினார். எனினும் தப்பியோடிய விலங்கின் வேதனை அந்தக் கணிதத்தால் குறைந்திருக்கும் என்பதை மறுக்கவும் இயலவில்லை.

ஃபோர்சைத் 1871இல் காலமானார். அதற்குள் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவத் தொடங்கியிருந்தன.