ஒரே ஊசி, ரெண்டு வைரஸ்

எச்.ஐ.வி பத்தி ஸ்கூல்ல கொஞ்சமாவது படிச்சிருப்போம். ஹெபடைடிஸ் சி என்றால், "மஞ்சக்காமாலைதானே?" என்று கேட்கிறவங்கதான் நம்ம பக்கம் அதிகம். ரெண்டு வைரசும் இரத்தம் வழியே பரவும். ஒரே உடம்பில் சேர்ந்தும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கிடைத்த வரலாற்றில் விஞ்ஞானம் பாதிதான். யாரை நோயாளியாக மதிப்பது என்ற கேள்விதான் மீதிப் பாதி.

1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டொக்டர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலாளிப் பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார்கள். வேலூரில் நடந்த பரிசோதனையில் ஆறு பேருக்கு எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. 1987-ல் இலங்கையர் ஒருவரிடமும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

ஹெபடைடிஸ் சி-க்கு அப்போது பேரே இல்லை. "ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை" என்றுதான் டொக்டர்மார் சொல்வார்கள். வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989-ல். இருபது வருசம்கூட சத்தமே காட்டாமல் ஈரலை அரிக்கும் நோய் இது. எச்.ஐ.வி-யும் கூட இருந்தால் இன்னும் வேகமாக அரிக்கும்.

சுனிதி 1993-ல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்குள்ள ஆய்வாளர்கள் போதை ஊசி போடுகிறவர்களைப் பரிசோதித்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. எச்.ஐ.வி இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ரெண்டுமே இருந்தது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததுதான் முக்கிய காரணம்.

அதற்குள் எச்.ஐ.வி மருந்து மலிவாகியிருந்தது. 2001-ல் சிப்லா கம்பனி மூன்று மருந்துச் சேர்க்கையை வருசத்துக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004-ல் இந்தியாவிலும் இலங்கையிலும் அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. எய்ட்ஸில் சாவது குறைந்தது. ஆனால் ரெண்டும் இருந்தவர்களை ஈரல் நோய் கொல்லத் தொடங்கியது. மலிவான அந்தச் சேர்க்கையில் இருந்த நெவிரபினே ஈரலைத் தாக்கக்கூடியது.

ஹெபடைடிஸ் சி-க்கு இருந்த மருந்தோ இன்னொரு தண்டனை. வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, கிட்டத்தட்ட ஒரு வருசம். காய்ச்சல், மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். ஊசியோடு குடிக்கும் ரிபாவிரினும், எச்.ஐ.வி-க்கான ஜிடோவுடினும் சேர்ந்தால் இரத்தசோகை மோசமாகும். "போதைக்காரன் ஒழுங்கா மருந்து எடுக்கமாட்டான்" என்று உலகம் பூராவும் பலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டொலர்! 2014-ல் இந்தியக் கம்பனிகளுக்கு அதைத் தயாரிக்க அனுமதி கிடைத்ததும் விலை சரிந்தது. பிறகு சென்னையிலேயே, போதை ஊசி போட்டவர்களுக்கு அவர்கள் வந்துபோகிற இடத்திலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் குணமானார்கள். ஒழுங்காக எடுக்கமாட்டான் என்ற பேச்சு அங்கே தோற்றது.

இன்றைக்கு எச்.ஐ.வி-யைத் தினசரி மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். ஹெபடைடிஸ் சி-யைப் பெரும்பாலும் 12 வாரத்தில் அடியோடு குணப்படுத்தலாம். எச்.ஐ.வி இருந்தாலும் அந்தப் பலன் குறைவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: சில மருந்துகள் ஒன்றோடொன்று மோதும். உதாரணமாக, எஃபாவிரென்ஸ் எடுக்கிறவருக்கு டாக்ளாடஸ்விர் அளவைக் கூட்ட வேண்டும். அதனால் ரெண்டு நோயும் டொக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். வெட்கத்தில் ஒன்றை மறைத்தால் மற்றதுக்கான வைத்தியமும் கெடும்.

தோட்டத்தில் இதுதான் பெரிய சிக்கல். லயத்தில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கிளினிக் போன கதையும் அப்படியே பரவும். பதுளையில் பாலியல் நோய் கிளினிக் இருக்கு, பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. மாத்திரை வந்துவிட்டது, விலையும் இறங்கிவிட்டது. இனி இறங்க வேண்டியது நம்ம வாய்ப்பேச்சுதான்.