மிதவையும் ஒரு பித்தளைத் துண்டும்



பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குக் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஒழுகும் தொல்லை நன்றாகத் தெரியும். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைய நிறைய மிதவை உயர்ந்து, ஊசி ஒன்றைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைத்துவிடும். மாடித் தொட்டியில் மிதவைப் பந்து தண்ணீரை நிறுத்துகிறதே, அதே ஏற்பாடுதான். ஊசி தேய்ந்தால் துளை மூடாது. பெட்ரோல் வழியும், வண்டி நின்றுவிடும். மெக்கானிக் ஊசியை மாற்றித் தருவார், கதை முடிந்தது.

1940இல் இங்கிலாந்து விமானிகளுக்கு அது அவ்வளவு எளிதில் முடியவில்லை. இரண்டாம் உலகப் போர் பாடத்தில் இதைச் சொல்ல நமக்கு நேரம் இருந்ததில்லை, இப்போது சொல்கிறேன்.

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சின். 12 சிலிண்டர், 27 லிட்டர். கார்ப்பரேட்டர் மட்டும் மிதவை வகை. விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் கிண்ணத்துப் பெட்ரோல் மேல்பக்கம் எழும்பிவிடும். அடியில் இருக்கும் ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் ஒரு கணம் திணறும். அடுத்து மிதவை தலைகீழாக வேலை செய்து ஊசித் துளையை முழுக்கத் திறந்துவிடும். பம்பு தள்ளும் பெட்ரோலெல்லாம் உள்ளே பாய்ந்து, கரும்புகை கக்கி எஞ்சின் அணைந்துபோகும்.

எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. அதனால் ஜெர்மன் விமானி மூக்கை அழுத்திப் பாய்ந்து தப்பிவிடுவார். பின்தொடர வேண்டுமானால் ஆங்கிலேய விமானி முதலில் விமானத்தைப் பாதி புரட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதற்குள் ஆள் போய்விடுவார். இதனால் ரோல்ஸ் ராய்ஸ்காரர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றில் எஞ்சினுக்குச் சக்தி கூடும். அந்த லாபத்துக்காகத்தான் அதை வைத்திருந்தார்கள்.

தீர்வு கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங். 14 வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர், மான்செஸ்டரில் பொறியியல் படித்தவர், புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். அப்போது ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

அவர் மிதவையைத் தொடவே இல்லை. முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அவ்வளவு மட்டும் போகக்கூடிய துளையிட்ட பித்தளைத் துண்டு ஒன்றைக் குழாயில் பொருத்தினார். முதலில் விரல்தொப்பி போல இருந்தது, பிறகு வெறும் வாஷர் போல ஆனது. ஊசி திறந்தே கிடந்தாலும் இனி வெள்ளம் பாயாது. எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை, விமானத்தைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஒரு சிறு குழுவோடு தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார். 1941 மார்ச்சுக்குள் போர் விமானப் பிரிவு முழுவதிலும் ஏறிவிட்டது.

முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது. தலைகீழாகத் தொடர்ந்து பறக்க அப்போதும் வழியில்லை. அதற்கு அழுத்தக் கார்ப்பரேட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதிகாரப்பூர்வப் பெயர் வேறு இருக்க, விமானப் படையில் அதை “மிஸ் ஷில்லிங்கின் துளை” என்று சிரித்தபடி அழைத்தார்களாம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 1938லேயே அவருக்குத் திருமணம் ஆகிவிட்டது, “மிஸ்” என்பதும் தவறு. அவர் 1969 வரை அதே ஃபார்ன்பரோவில் வேலை பார்த்தார்.