அவிபக்த குடும்பம் முதல் அடுக்ககம் வரை: தென்சென்னையில் உறவுகள் தளர்ந்த வரலாறு

1930ஆம் ஆண்டில் மத்திய சட்டசபை நிறைவேற்றிய இந்து கல்விப்பேற்றுச் சட்டம் இன்று வக்கீல்களின் ஞாபகத்திலும் மங்கிவிட்ட ஒன்று. ஆயினும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் குடும்பம் என்னும் ஸ்தாபனம் சென்ற நூறாண்டுகளில் உருமாறிய விதத்தை ஆராயப் புகுவோர், மேல்நாட்டு நாகரிகத்தின்மீதும் கைப்பேசியின்மீதும் பழிசுமத்துவதற்கு முன்னர், அச்சட்டத்தையும் அதற்கு முந்திய நீண்ட விவாதத்தையும் ஒருமுறை நோக்குதல் நலம்.

இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துரிமையை வகுத்த மிதாட்சர தர்மப்படி, குடும்பப் பொதுச்சொத்தின் செலவில் விசேஷக் கல்வி பெற்ற ஒருவன் அக்கல்வியைக்கொண்டு ஈட்டும் பொருள் அவனுடைய சுயார்ஜிதம் ஆகாது. தகப்பன், தமையன், தம்பி, அவர்தம் புதல்வர் யாவருக்கும் அதில் பாத்தியதை உண்டு. ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் ஒருவரின் வருமானத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்றே 1921இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆங்கிலக் கல்வியின் பலத்தால் ஹைகோர்ட்டில் பெரும்பொருள் ஈட்டிவந்த மயிலாப்பூர் வக்கீல் வர்க்கத்தாருக்கு இது எத்தகைய சங்கடத்தை விளைவித்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வர்க்கத்தின் சிகரமாக விளங்கிய வெ. பாஷ்யம் ஐயங்கார் சென்னைச் சட்டசபையில் 1890களிலேயே கொண்டுவந்த மசோதா, சபையின் ஆதரவைப் பெற்றும், வைதிகர்களின் எதிர்ப்புக்கிடையே கவர்னரின் சம்மதம் பெறாமல் வீழ்ந்தது. பின்னர் பம்பாயைச் சேர்ந்த எம். ஆர். ஜயகரின் முயற்சியால்தான், கல்வியால் வந்த பொருள் கற்றவனுக்கே உரியது என்னும் விதி 1930இல் நிலைபெற்றது. உறவைத் தளர்த்தவேண்டும் என்ற நோக்கம் இவர்களில் எவருக்கும் இருந்ததில்லை. தன் உழைப்பின் பலனைத் தன் மனைவி மக்களுக்கு வைத்துப்போக விரும்பியதைக் குற்றமென்று யார் சொல்லத் துணிவார்? ஆனால், ஒன்றாயிருந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தின் முதற்கட்டு அவிழ்ந்தது அங்கேதான். எஞ்சிய கட்டுகளும் இவ்வாறே, ஒவ்வொன்றும் யாரேனும் ஒருவருக்கு விமோசனமாக, அவிழ்ந்துவந்தன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளில் இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சிநிற்கும் பழைய வீடுகள், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ஒரே நேர்க்கோட்டில் நீண்டு, அண்டை வீட்டோடு சுவரையும் பகிர்ந்துகொண்டவை. அங்கே தனித்திருப்பதற்கென ஓர் அறையே கிடையாது. அறுபத்துமூவர் உற்சவத்தன்று முன்பின் அறியாதவனும் திண்ணையில் அமர்ந்து மோர் வாங்கிக் குடிக்கலாம். இவ்வாழ்க்கையை எண்ணி ஏங்குவோர் வசதியாக மறந்துவிடும் ஜீவன் ஒன்று அதே வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்தது: தலைமழித்து, நார்மடி உடுத்து, சுபகாரியங்களில் எதிர்ப்படக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட பால்ய விதவை. இருபதுபேர் உண்ணும் வீட்டில் அவளைவிடத் தனித்தவர் எவர்? சகோதரி சுப்புலட்சுமி 1912இல் இத்தகைய பெண்கள் சிலருக்குப் புகலிடம் அமைத்துக் கல்வி புகட்டத் தொடங்கியதும், அது பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸில் பெரிய விடுதியாக வளர்ந்ததும், உறவினரிடம் கிடைக்காத உறவை அந்நியரிடம் தேடிப்பெறும் முயற்சிக்கு இந்நகரில் முற்பட்ட உதாரணங்கள். கூட்டுக் குடும்பத்தில் தனிமையே இல்லை என்பது ஆண்கள் எழுதிய வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மயிலாப்பூருக்கு மேற்கே பரந்துகிடந்த நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய மாம்பலம் குடியிருப்பு, 1925இல் காலமான பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிற்று. பனகல் பூங்காவை மையமாக வைத்து வகுத்த அப்புதிய வீதிகளில் வீடு என்பது நாற்புறமும் வெற்றிடம் சூழ, மதிலும் கேட்டும் கொண்டு, தனித்து நின்றது. திண்ணை வராந்தாவாகி மதிலுக்கு உட்புறம் ஒதுங்கிவிட்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார ரயில் ஓடத்தொடங்கவே, மாம்பலத்தில் குடியிருந்து கோட்டைப் பக்கம் உத்தியோகம் பார்ப்பது எளிதாயிற்று. அடையாற்றின் காந்தி நகரும், வீட்டுவசதி வாரியத்தின் பெசன்ட் நகரும் பிற்காலத்தில் இதே மாதிரியைப் பின்பற்றியவையே. அவற்றைப்பற்றி இங்கே விரித்தல் மிகை.

தனிவீடு பெருகியதனால் உறவு உடனே முறிந்துவிடவில்லை. 1964இல் சென்னையின் தொழிலதிபர்கள் பத்தொன்பது பேரைச் சந்தித்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் மில்டன் சிங்கர், ஆலையில் நவீன முறையையும் அகத்தில் சம்பிரதாயத்தையும் வெவ்வேறாகப் பேணியதன் மூலம் அவர்கள் கூட்டுக் குடும்பத்தின் கடமைகளைக் கைவிடாமல் புதுக்கிக்கொண்டனர் என்ற முடிவுக்கு வந்தார். 1972இல் வெளிவந்த அவருடைய நூல் இவ்வாதத்தை விரிவாக நிறுவுகிறது. முடிவு தவறன்று. ஆனால், ஆலையையும் பங்குகளையும் சேர்ந்தே நிர்வகித்தவர்கள் அவர்கள். பொதுச்சொத்து அவர்களிடம் இன்னும் உயிரோடிருந்தது. மாதச் சம்பளக்காரனிடம் அது இல்லை. அவன் குடியிருந்ததோ ஒண்டுக்குடித்தனம்: ஒரே வளைவில் ஏழெட்டுக் குடும்பங்கள், ஒரே குழாய், ஒரே கக்கூஸ். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் களமாகக்கொண்ட அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல், குழாயடியும் குடமும் அயலாரை எவ்வளவு சண்டையோடும் எவ்வளவு பரிவோடும் பிணைத்திருந்தன என்பதற்கு எந்தப் புள்ளிவிவரத்தினும் நல்ல சாட்சி. வீட்டுக்கொரு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபோது எவரும் அழவில்லை. அழவேண்டிய காரணமும் இல்லை.

1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் எஞ்சினியர்களுக்கும் டாக்டர்களுக்கும் வழிதிறந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா எழும் காலத்திற்குள், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பிள்ளைகள் அனைவருமே வெளிநாட்டில் இருக்கும் வீடு அபூர்வமாக இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1971இல் ஏறத்தாழ 3.9, 2019–21இல் 1.8. ஊரிலேயே இருந்து பெற்றோரைக் கவனிக்க இன்னொரு பிள்ளை மிஞ்சுவதில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அறுபது வயது கடந்தோர் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். ஆதரவற்ற மூதாட்டியருக்காக சாவித்திரி வைத்தி ‘விச்ராந்தி’யை 1978இல் தொடங்கினார், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப்பிரிவு நடத்தத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘ஸ்நேகா’வில் தொண்டர்கள் செய்வது, மனமொடிந்தவர் பேசுவதைக் கேட்பது. முன்பு அத்தையும் சித்தப்பாவும் கூலியின்றிச் செய்ததாகக் கருதப்படும் இக்காரியத்தை முகமறியாதவர் செய்யும்போது, அத்தையிடம் சொல்லவே முடியாதவற்றையும் சொல்ல முடிகிறது என்பதை நாம் மறைத்தல் கூடாது.

முதியோரோடு இவ்விசாரணை நின்றுவிடவும் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாகக் கணிக்கையில், இளைஞரிடையே அது குறைவன்று, மிகுதி என்றே கூறுகிறது. ஜனநெரிசலுக்குப் பேர்போன ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து, கடை விடுதியிலேயே படுத்தெழுந்து, நாள் முழுதும் வாடிக்கையாளர் முன் நின்ற இளைஞர்களுக்கு, வேலைநேரத்தில் உட்காரும் உரிமையே 2021இல் சட்டம் இயற்றித்தான் கிடைத்தது. மயிலாப்பூர் மாமியின் தனிமையைப் பற்றி எழுதிக் குவிக்கும் நம் பத்திரிகைகள் இவர்களுடையதைப் பற்றி எழுதியது சொற்பம்.

மாம்பலத்துத் தனிவீடுகள் பெரும்பாலும் இப்போது அடுக்ககங்கள். பில்டரோடு செய்துகொள்ளும் ‘ஜாயிண்ட் வென்ச்சர்’ ஒப்பந்தம், சகோதரர்களின் பாகப்பிரிவினையைச் சச்சரவின்றி முடித்துக்கொடுத்தது: ஆளுக்கொரு பிளாட். விந்தை என்னவெனில், அண்ணன் தம்பிகளிடையே ஒழிந்த பிரிக்கப்படாத சொத்து, ‘யூ.டி.எஸ்.’ என்னும் மனைப்பங்காக, ஒருவரையொருவர் அறியாத குடியிருப்போரிடையே மறுபிறவி எடுத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரில் மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்பலாம் என்கிறது. அந்த மூன்றில் இரு பங்கினருள் சிலர் நியூ ஜெர்ஸியிலும் சிங்கப்பூரிலும் இருந்தபடி ஈமெயிலில் சம்மதம் தெரிவிப்பார்கள். கட்டடம் எழும்வரை வேறோரிடத்தில் வாடகைக்குப் போகவேண்டியவர், வாட்ச்மேனையும் பூக்காரியையும் எதிர்பிளாட்டுக்காரரையும் தவிரப் பேச்சுத்துணை வேறில்லாத எண்பது வயது மூதாட்டியாக இருக்கலாம். அவர் கையொப்பமிட மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறிவிடும்.