ரெயினால்ட்ஸைப் படித்தவர்கள்

சென்ற டிசம்பரில் எடிசனில் அக்கா வீட்டில் ஓர் ஆங்கில நாவலை வைத்துப் பெரிய வாக்குவாதம். கெயில் கேரிகர் எழுதி 2009இல் வந்த 'சோல்லெஸ்'. வட கலிபோர்னியாக்காரர் கட்டிய விக்டோரியா காலத்து லண்டன் அது. வானத்தில் பறக்கும் கப்பல், வரவேற்பறையில் ரத்தக்காட்டேரி, ராணுவத்தில் ஓநாய் மனிதர்கள். நடுவே, கையில் குடையும் வாயில் குத்தலுமாக, ஆன்மாவே இல்லாத அலெக்ஸியா டாரபாட்டி. நீராவி எந்திரங்களை வைத்துக் கற்பனை செய்யும் இந்த வகைக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். கே. டபிள்யூ. ஜீட்டர் 1987இல் பாதி வேடிக்கையாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

அக்காவின் பெரிய மகள் அதை மூன்று முறை படித்திருக்கிறாள். "அவ்வளவு சிரிப்பு, மாமா" என்றாள். சின்னவளுக்கு ஆகவில்லை. "அத்தனை பேரும் டீ குடிக்கிறாங்க, அது எங்கேருந்து வருதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கல" என்றாள். அக்கா இரண்டு பேரையும் அடக்கினாள்: "வெள்ளைக்காரன் பேய்க்கதைக்கும் நமக்கும் என்னடி சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. அதுவும் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது.

ஜார்ஜ் வில்லியம் மெக்ஆர்தர் ரெயினால்ட்ஸ் என்று ஒருவர். பிறப்பு 1814. 'லண்டன் மர்மங்கள்' என்ற தொடரை மலிவு விலையில் வாராவாரம் வெளியிட்டு டிக்கன்ஸுக்குப் போட்டியாக விற்றவர். 1846-47இல் 'வாக்னர்' என்ற ஓநாய் மனிதன் கதையைத் தொடராக எழுதினார். அந்த வகையில் அலெக்ஸியாவின் ஓநாய்ப் பிரபுவுக்கு அவர் கொள்ளுத்தாத்தா முறை. இங்கிலாந்தின் இலக்கிய வரலாறு அவரைக் கிட்டத்தட்ட மறந்தே போனது. இந்தியா மறக்கவில்லை. அன்றைய இந்திய நூலகங்களின் பட்டியல்களைத் துருவிய பிரியா ஜோஷி, 2002இல் வந்த தன் நூலில், இங்கே மிக விரும்பிப் படிக்கப்பட்ட ஆங்கில நாவலாசிரியர்களில் ரெயினால்ட்ஸ் முன்வரிசையில் இருந்ததைக் காட்டினார்.

தமிழிலும் அவர் நுழைந்தார், வேட்டி கட்டிக்கொண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் அவர் கதைகளை வரிசையாகத் தழுவினார். லண்டன் பிரபு நம்மூர் ஜமீன்தார் ஆனார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மர்மக் கதைகளை இப்படித்தான் தஞ்சை, கும்பகோணம் பக்கம் குடியேற்றினார். அவருடைய 'மேனகா' 1935இல் சினிமாவாகவும் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. பின்னாளில் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகள், 1911இல் 'குமுதவல்லி நாகநாட்டரசி' என்ற நாவலை வெளியிட்டார். மூலம், ரெயினால்ட்ஸின் 'லைலா, மிங்ரேலியாவின் நட்சத்திரம்'. அடிகள் துறவு பூண்டதும் அதே ஆண்டில்தான்!

படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' அந்தக் காலத்தை நன்றாகக் காட்டுகிறது. நாவல் படித்தால் பெண்கள் கெடுவார்கள், பையன்கள் பரீட்சையில் தோற்பார்கள் என்று பெரியவர்கள் பயந்தார்கள். பயந்த வீடுகளிலேயே ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுதவும் வந்தார்கள். வை. மு. கோதைநாயகி தன் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி எழுதிக்கொண்டார். 1925இலிருந்து 'ஜகன்மோகினி'யை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். 1930களில் புதுமைப்பித்தன் தழுவலே கூடாது, நேர்மையான மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்று சண்டைக்கு நின்றார். இலக்கியத்துக்கு அது நியாயம். ஆனால் அந்தத் தழுவல்கள் இல்லாமல் அவருக்கே இவ்வளவு வாசகர்கள் சேர்ந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ரெயினால்ட்ஸை நம் ஆட்கள் ஏன் அப்படி விழுந்து விழுந்து படித்தார்கள்? கிளுகிளுப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. இன்னொன்றும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் சார்ட்டிஸ்ட். 1848 மார்ச்சில் டிரஃபால்கர் சதுக்கத்துக் கூட்டத்தில் பேசிய கலகக்காரர். அவருடைய லண்டனில் பிரபுக்கள் சூதாடுகிறார்கள், பெண்களைக் கெடுக்கிறார்கள், ஏழைகள் சாக்கடையோரம் சாகிறார்கள். கச்சேரியில் துரைக்குக் கைகட்டி நின்ற குமாஸ்தா வீட்டுக்கு வந்து அந்தத் துரையின் ஊர் நாற்றத்தைப் படித்தான். அந்தச் சந்தோஷம் எந்தப் பாடப்புத்தகத்தில் கிடைக்கும்?

கேரிகரின் லண்டனில் அந்த நாற்றம் இல்லை. அங்கே காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் அரசோடு சேர்த்துக்கொண்டதுதான் பிரிட்டனின் பலம். விக்டோரியா ராணிக்கு ஆலோசனை சொல்வதே அவர்கள்தான். நல்ல வேடிக்கை, நானும் சிரித்தேன். ஆனால் கதை நடப்பது 1870களில். அதே பத்தாண்டில், 1876-78இல், சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். 1877 ஜனவரியில் டெல்லியில் தர்பார் கூட்டி அந்த ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் அறிவித்தார்கள். சின்னவளின் டீ கேள்வி அந்த இடத்தைத்தான் தொடுகிறது. அவளுக்கு ஒன்று சொன்னேன்: அதே ஆசிரியரின் 'புரூடென்ஸ்' (2015) தேயிலைக்காக இந்தியாவுக்கே பறக்கிறது, நம் ராட்சசர்களும் வருகிறார்கள். படித்துவிட்டுத் திட்டு என்றேன்.

பெரியவள் கேட்டது வேறு: "அந்தக் குமுதவல்லி கிடைக்குமா, மாமா?" கிடைத்தது. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அடிகளின் நடையோ சுலபமில்லை. அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா உரக்கப் படிக்கிறாள், இரண்டு பெண்களும் சோபாவில் உட்கார்ந்து கேட்கிறார்கள். போன வாரம்தான் நான்காம் அத்தியாயம் முடிந்ததாம்.