காசு நம்மது, போன் யாருது?

இன்னைக்கு ஒரு பழைய போனோட கதை. பேரு மோட்டோரோலா வி710. அமெரிக்காவுல வெரைசான் நிறுவனம் 2004-ல வித்த முதல் புளூடூத் போன். கேமராவும் உண்டு. அப்போ எடுத்த போட்டோவை புளூடூத்ல கம்ப்யூட்டருக்கு அனுப்பிடலாம்தானே?

முடியாது. ஹெட்செட் வேலை செய்யும். ஆனா ஃபைல் அனுப்புற வசதியை வெரைசான் சாஃப்ட்வேர்லயே அணைச்சு வெச்சிருந்தாங்க. மெமரி கார்டைக் கழட்டி எடுக்கணும், இல்லைன்னா அவங்க நெட்வொர்க் வழியா காசு கட்டி அனுப்பணும்.

ஒரு இன்ஜினியரா எனக்கு எரிச்சல் வர்ற இடம் இதுதான். ஒரு வசதி போன்லயே இல்லைன்னா பரவாயில்லை. இருக்கிறதைப் பூட்டி வெச்சுட்டு, 'புளூடூத் போன்'னு பேர் சொல்லி விக்கலாமா?

பிடிக்கலைன்னா வேற கடையில வாங்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நமக்கு போன் ஒரு கடையில, சிம் இன்னொரு கம்பெனியில வாங்கித்தான் பழக்கம். வெரைசான் அப்போ நடத்தினது சிடிஎம்ஏ நெட்வொர்க். அந்த போன்ல சிம் கிடையாது. போனோட சீரியல் நம்பரை கம்பெனி தன் பட்டியல்ல சேர்த்தாத்தான் அதுல கால் பேச முடியும். அதனால எந்த போன் உள்ள வரலாம், அதுல என்னென்ன இருக்கலாம்னு முடிவு பண்ணது கம்பெனிதான்.

கடுப்பான கலிஃபோர்னியா வாடிக்கையாளர்கள் சார்பா 2005-ல வழக்கு போட்டாங்க. அது சமரசத்துல முடிஞ்சுது. ஆனா ஒரு மாடலுக்குக் கிடைச்ச நஷ்டஈடு, கம்பெனிகளோட பழக்கத்தை மாத்திடலை.

ஒரு கிண்ணத்துல தொடங்கின சண்டை

இந்தச் சண்டை செல்போனை விடப் பழசு. அந்தக் காலத்து அமெரிக்காவுல வீட்டு டெலிபோன் ஏடி அண்ட் டி நிறுவனத்தோட சொத்து. அவங்க தராத எதையும் அதுல மாட்டக் கூடாதுன்னு விதி. 'ஹஷ்-ஏ-போன்'னு ஒரு சின்ன கிண்ணம் மாதிரி சாதனம் இருந்துச்சு. பேசுறது பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காம இருக்க ரிசீவர்ல மாட்டிக்கிறது, அவ்வளவுதான். அதையும் தடுத்தாங்க. 1956-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ஏத்துக்கலை. கையைக் குவிச்சு வாயை மறைச்சுப் பேசலாம்னா, அதையே ஒரு சாதனம் செஞ்சா என்ன தப்பு? வாங்கினவருக்குப் பயன் உண்டு, மத்தவங்களுக்குக் கெடுதல் இல்லை. அப்போ தடுக்கிறது நியாயமில்லைங்கிறதுதான் தீர்ப்போட சாரம்.

1968-ல அடுத்த அடி. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர், ரேடியோவையும் டெலிபோனையும் இணைக்கிற 'கார்ட்டர்ஃபோன்'னு ஒரு கருவி செஞ்சிருந்தார். அதைத் தடுக்கிற விதி செல்லாதுன்னு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி சொல்லிடுச்சு. வெளியார் செஞ்ச ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் டெலிபோன் லைனுக்குள்ள வர வழி திறந்தது அந்த முடிவுதான்.

மறுபடி அதே கேள்வி

2007 பிப்ரவரியில ஸ்கைப் நிறுவனம் அதே கார்ட்டர்ஃபோன் விதியை செல்போனுக்கும் கொண்டு வாங்கன்னு எஃப்சிசிகிட்ட மனு போட்டுச்சு. பொதுவா எல்லாருக்கும் அது கிடைக்கலை. ஆனா அதே வருஷம், ஏலத்துக்கு வரவிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில 'சி' பிளாக்குக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டாங்க: வாடிக்கையாளர் விரும்புற சாதனத்தையும் ஆப்பையும் தடுக்கக் கூடாது, விக்கிற போன்ல இருக்கிற வசதியை முடக்கவும் கூடாது. 2008-ல அந்த ஏலத்துல பெரும்பங்கை எடுத்தது யார் தெரியுமா? அதே வெரைசான்.

காகிதத்துல விதி வந்தாச்சு, பழக்கம் உடனே போயிடுமா? போனை ஹாட்ஸ்பாட்டா மாத்துற ஆப்களை ஆண்ட்ராய்டு ஸ்டோர்ல மறைக்கச் சொன்னதா வெரைசான் மேல 2011-ல 'ஃப்ரீ பிரஸ்' அமைப்பு புகார் கொடுத்துச்சு. 2012-ல 12.5 லட்சம் டாலர் கட்டி அந்த விசாரணையை வெரைசான் முடிச்சுக்கிட்டாங்க.

ஒவ்வொரு தடவையும் யாராவது முணுமுணுக்கிறதோட நிக்காம எழுதிக் கொடுத்ததாலதான் பூட்டு திறந்துச்சு. அடுத்த முறை 'இந்த வசதி உங்க பிளான்ல இல்லை'ன்னு ஸ்க்ரீன்ல வந்தா, 1956 கேள்வியைக் கேட்டுப் பாருங்க: எனக்குப் பயன்படுது, யாருக்கும் கெடுதல் இல்லை, அப்புறம் ஏன் பூட்டு?