கடலாழம் கண்ட கப்பல்

பொருள் தேடிக் கடல் கடந்தோர் பலர். நாடு பிடிக்கக் கடல் கடந்தோரும் பலர். கடலை அறிவதற்கென்றே உலகக் கடல்களைச் சுற்றிவந்த பெரும் பயணம் ஒன்று 1872ஆம் ஆண்டில் தொடங்கியது. அக்கப்பலின் பெயர் 'சாலஞ்சர்'.

அதற்கு முன்னர் ஆழ்கடல் பற்றி ஒரு கொள்கை நிலவியது. ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே உயிர்கள் வாழ இயலா என்று எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1840களில் கருதினார். ஒளியில்லாத, பேரழுத்தம் மிக்க இடத்தில் உயிரேது என்று பலரும் அதனை ஏற்றனர். ஆனால், 1868, 1869ஆம் ஆண்டுகளில் வைவில் தாம்சன் முதலியோர் அதனினும் ஆழத்தில் உயிர்களைக் கண்டனர். உலகக் கடல்களையெல்லாம் ஆராயவேண்டும் என்னும் வேட்கை அதனால் வலுப்பெற்றது.

பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல் ஒன்றை அளித்தது. இரண்டொழிய ஏனைய பீரங்கிகள் அகற்றப்பட்டன, ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. 1872 டிசம்பர் 21இல் போர்ட்ஸ்மத்தினின்று புறப்பட்ட கப்பல், 68,890 கடல் மைல் கடந்து 1876 மே 24இல் தாயகம் மீண்டது.

வழியில் 362 இடங்களில் கப்பல் நின்றது. எடை கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் அளந்தனர். நீரின் வெப்பம் குறித்தனர். அடிமண்ணையும் உயிர்களையும் வாரியெடுத்தனர். ஆழ்கடலில் ஒருமுறை கயிறிட்டு மீட்கப் பல மணி நேரம் சென்றது. அறிஞர்க்கு அது வியப்பு, மாலுமிகட்கோ சலிப்பு. பலர் துறைமுகங்களில் கப்பலைவிட்டு ஓடினர். இளம் மாலுமி ஒருவன் வாருவலைக் கப்பி தாக்கி மாண்டான். வில்லமோஸ்-சூம் என்னும் ஜெர்மானிய இளம் அறிஞர் 1875இல் நோயுற்றுக் கடலிலேயே உயிர்நீத்தார்.

அவ்வாண்டு மார்ச் 23இல், பசிபிக் மாகடலின் மேற்பகுதியில் கயிறு 8,184 மீட்டர் இறங்கிய பின்னரே தரை தட்டியது. பயணத்தின் பயனாக ஏறத்தாழ 4,700 புதிய உயிரினங்கள் அறியப்பட்டன. தாம்சன் 1882இல் மறைந்தபின், ஜான் மர்ரே பணியைத் தொடர்ந்தார். 50 தொகுதிகள் கொண்ட அறிக்கை 1895இல் நிறைவுற்றது. மூன்றரை ஆண்டுப் பயணத்தின் பயனை முறைப்படுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன!

ஃபோர்ப்ஸை நாம் பழித்தல் தகாது. உயிர்வளம் குன்றிய ஏஜியன் கடலில் தாம் கண்டதை அவர் நேர்மையாகவே உரைத்தார். ஒரு கடலில் கண்டதை எல்லாக் கடலுக்கும் பொதுவாக்கியதே பிழை. பொருத்தமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. கயிறிட்டு அளந்து பார்த்தல் வேண்டும். வளரும் தலைமுறைக்கு நாம் புகட்டவேண்டிய அறிவியற் பாடம் இதுவேயாம். அதனோடு, அக்கயிற்றை இழுத்துக் களைத்த கைகளையும் அவர்கட்கு நினைவூட்டுதல் நம் கடன்.