பிளாற்றினமும் தூய சக்தியும்: ஒரு வரலாற்று நோக்கு

1823ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஜெனா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொபரைனர், நுண்டுளைகள் மலிந்த பிளாற்றினத்தின் மீது ஐதரசன் வாயுவைச் செலுத்தினார். காற்றில் வாயு தானே தீப்பற்றியது, உலோகமோ மாறாதிருந்தது. இவ்வாறு தாக்கத்தை விரைவுபடுத்தித் தான் மாறாது எஞ்சும் பொருளையே ஊக்கி என்பர். 1842இல் பிரித்தானியரான வில்லியம் குரோவ், பிளாற்றினத்தின் துணைகொண்டு ஐதரசனையும் ஒட்சிசனையும் இணைத்து மின்சாரம் பெற்றார். நீரையே கழிவாகத் தரும் எரிபொருட்கலத்தின் தொடக்கம் அதுவாகும்.

எனினும் அவ்வுலோகத்தின் அருமையும் விலையும் அக்கலத்தின் பரவலுக்குத் தடையாயின. இத்தடையைக் கடக்கும் வழிகளுள் ஒன்று கலப்புலோகமாகும். மூன்று பிளாற்றின அணுவுக்கு ஒரு நிக்கல் அணு என அமைந்த பளிங்கின் ஒரு முகம், தனிப் பிளாற்றினத்தின் அதே முகத்தினும் பத்து மடங்கு விரைவாக ஒட்சிசனைத் தாக்கமுறச் செய்வதை 2007இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். அத்தகைய மேற்பரப்பை நனோமீற்றர் அளவுத் துணிக்கைகளிற் பெறுதல் பின்வந்தோரின் முயற்சியாயிற்று.

விலையைக் குறைக்கும் இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயின் வரலாற்று மாணவர் பிறிதொரு விலையையும் கணக்கிடல் வேண்டும். உலகப் பிளாற்றினத்தின் பெரும்பகுதி தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் அகழப்படுகின்றது. அங்கு மரிக்கானா என்னுமிடத்தில், ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளருள் 34 பேர் 2012 ஓகஸ்ட் 16இல் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையாயினர். சக்தியின் தூய்மையைக் கலம் வெளிவிடும் நீரைக்கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. உலோகத்தை அகழ்ந்தோரின் வாழ்வும் அவ்வளவையுட் சேர்தல் வேண்டும்.